விளக்கக் கட்டுரை எழுதுவது: விதி சொல்லிக் கொடுத்தால் வருமா, படித்துப் படித்துத்தான் வருமா?

வினைமுற்று:
கட்டுரை எழுதக் கற்றுக்கொள்ள என்ன வழி என்று யார் கேட்டாலும் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: "நிறையப் படி, தானாக வரும்." எனக்கு இந்தப் பதில் பிடிப்பதே இல்லை. நிறையப் படித்தவர்கள் எழுதும் மோசமான உரைநடைக்கு என்ன பஞ்சமா? ஆய்வேடு எதையாவது புரட்டிப் பாருங்கள். கதை, கவிதையை விடுங்கள். தெரியாத ஒருவருக்கு ஒரு விஷயத்தை விளக்கும் உரைநடையைப் பற்றித்தான் பேசுகிறேன். அதைச் சொல்லிக் கொடுக்க முடியும் என்பது என் கட்சி.

ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம்:

"நிலத்தடி நீர்மட்டத்தில் ஏற்பட்டுள்ள தொடர் வீழ்ச்சியின் காரணமாக, ஆழ்துளைக் கிணறுகள் அமைத்தலுக்கான அனுமதி வழங்கலில் கட்டுப்பாடுகள் மேற்கொள்ளப்பட்டு வருகின்றன."

நடப்பது மூன்று. நீர் இறங்குகிறது. மக்கள் கிணறு தோண்டப் பார்க்கிறார்கள். யாரோ அனுமதியைக் குறைக்கிறார்கள். எழுதியவர் இந்த வினைகளையெல்லாம் வீழ்ச்சி, அமைத்தல், வழங்கல், கட்டுப்பாடு என்று பெயர்களாக்கிவிட்டார். அப்புறம் வாக்கியத்தை முடிக்க வினை வேண்டுமே? அதற்காக 'ஏற்பட்டுள்ள', 'மேற்கொள்ளப்பட்டு' என்று சத்தில்லாத இரண்டைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார். வினையை வினையாகவே விட்டால் போதும்:

"நிலத்தடி நீர் இறங்கிக்கொண்டே போவதால், ஆழ்துளைக் கிணறு தோண்ட அரசு முன்போல அனுமதி தருவதில்லை."

யார், என்ன செய்கிறார்? ஒவ்வொரு வாக்கியத்தையும் நிறுத்தி இதைக் கேட்டால் பாதிக் குழப்பம் போய்விடும். இதற்கு ஆயுட்கால வாசிப்பு எதற்கு?

கரையோரன்:
நன்றாகத்தான் அறுத்திருக்கிறீர்கள். 'அரசு' எங்கிருந்து வந்தது? மூல வாக்கியத்தில் இல்லையே!

அது கிடக்கட்டும். இந்த மாதிரி நாற்பது வாக்கியத்தை வரிசையாக அடுக்கிப் பாருங்கள். இவர் இதைச் செய்தார், அவர் அதைச் செய்தார் என்று காவல் நிலையப் புகார்போல இருக்கும். தெளிவாக இருக்கும், யாரும் படிக்க மாட்டார்கள். எங்கே நீட்ட வேண்டும், எங்கே வெட்ட வேண்டும் என்பது காதுக்குத்தான் தெரியும். காது படித்துத்தான் பழகும்.

பெஞ்சமின் ஃபிராங்க்ளின் இலக்கணப் புத்தகத்தைப் பார்த்தா எழுதக் கற்றார்? பையனாக இருந்தபோது ஸ்பெக்டேட்டர் இதழின் கட்டுரைகளை எடுத்து, ஒவ்வொரு வாக்கியத்தின் கருத்துக்கும் சின்னக் குறிப்பு எழுதி வைத்துக்கொண்டார். சில நாள் கழித்து, மூலத்தைப் பார்க்காமல் குறிப்பை மட்டும் வைத்துக் கட்டுரையைத் திரும்ப எழுதினார். தன் சுயசரிதையில் அவரே சொல்வது இது. நல்ல நடையோடு கூடவே நடந்து பழகியிருக்கிறார், அவ்வளவுதான்.

வினைமுற்று:
பாதிக் கதையோடு நிறுத்திவிட்டீர்களே. எழுதியபின் மூலத்தோடு ஒப்பிட்டார், தன் குறைகளைக் கண்டுபிடித்தார், திருத்தினார். அதோடு விடவில்லை. குறிப்புகளை வேண்டுமென்றே கலைத்துப் போட்டு, சில வாரம் கழித்து அவற்றைச் சரியான வரிசைக்குக் கொண்டுவரப் பார்த்தார். கருத்துகளை ஒழுங்குபடுத்தப் பழகுவதற்காக என்று அவரே காரணமும் சொல்கிறார். வெறுமனே படிக்கிறவன் செய்கிற காரியமா இது? எது ஏன் அந்த இடத்தில் இருக்கிறது என்று கழற்றிப் பார்த்திருக்கிறார்.

'அரசு' பற்றி: அதைக் கேட்டீர்களே, அதுதான் எனக்கு வேண்டியது. உள்ளாட்சியா, அரசா, வேறு வாரியமா என்று மூல வாக்கியம் சொல்லவே இல்லை. பூசி மெழுகிய நடையில் அந்த ஓட்டை யார் கண்ணிலும் படாது. வினையைத் திருப்பிக் கொண்டுவந்ததும் பட்டது.

பழங்கணக்கு:
இருவரும் புதிதாகச் சண்டை போடுவதுபோலப் போடுகிறீர்கள். 13ஆம் நூற்றாண்டிலேயே நன்னூலில் பவணந்தியார் நூலுக்குப் பத்துக் குற்றம், பத்து அழகு என்று பட்டியல் போட்டுவிட்டார். அழகில் முதல் இரண்டு சுருங்கச் சொல்லல், விளங்க வைத்தல். வினைமுற்று சந்தோஷப்படலாம். அதே பட்டியலில் ஓசையுடைமையும் இருக்கிறது. கரையோரனுக்கும் பங்கு உண்டு.

குற்றங்களில் முதலாவது எது தெரியுமா? குன்றக் கூறல், அதாவது வேண்டியதைவிடக் குறைத்துச் சொல்வது. மிகைபடக் கூறல் அதற்கு அடுத்ததுதான். கத்தியோடு அலைகிறவர்கள் கவனிக்கவும்.

பூதக்கண்ணாடி:
நான் தொழிலால் மொழிபெயர்ப்பாளன். நீங்கள் எல்லோரும் வாக்கியத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். எழுதுபவருக்குத் தன் வாசகருக்கு எது தெரியாது என்பதே தெரிவதில்லை. நோய் அங்கேதான்.

1990இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஓர் ஆய்வு நடந்தது. சிலர் எல்லோருக்கும் தெரிந்த பாட்டின் தாளத்தை மேசையில் தட்ட வேண்டும், கேட்பவர் பாட்டைக் கண்டுபிடிக்க வேண்டும். பாதிப் பாட்டையாவது கண்டுபிடித்துவிடுவார்கள் என்று தட்டியவர்கள் நினைத்தார்கள். 120 பாட்டில் கண்டுபிடித்தது 3. தட்டுகிறவருக்குத் தலைக்குள் முழுப் பாட்டும் ஓடுகிறது, கேட்கிறவருக்கு டொக் டொக் மட்டும்தான். நிபுணர் எழுதும் கட்டுரையில் வாக்கியம் எல்லாம் சரியாக இருந்தும் தலையும் புரியாமல் வாலும் புரியாமல் போவது இதனால்தான். உங்கள் விதி இங்கே என்ன செய்யும்? கரையோரனின் காதும் ஒன்றும் செய்யாது. எழுதியவர் எத்தனை முறை படித்தாலும் அவர் காதில் பாட்டுதானே கேட்கும்! விஷயம் தெரியாத ஒருவரிடம் கொடுத்து, எங்கே நிற்கிறார் என்று பார்ப்பதைத் தவிர வழியில்லை.

கரையோரன்:
அடுத்தவரிடம் கொடுக்க வேண்டும் என்பது சரி. ஆனால் காதை அவ்வளவு சீக்கிரம் கழித்துவிடாதீர்கள். இதைச் சத்தமாகப் படியுங்கள்:

"கடந்த சில ஆண்டுகளில் விலை பெருமளவு குறைந்து, வீட்டுக் கூரைகளில்கூட எளிதாகப் பொருத்தக்கூடிய அளவுக்கு எடை குறைந்தவையாக மாறி, பல நாடுகளில் பரவலாகப் பயன்பாட்டுக்கு வந்திருக்கும் சூரிய மின்தகடுகள் மழைக்காலத்திலும் மின்சாரம் தருகின்றன."

மூச்சு முட்டுகிறதா? கண்ணுக்கு இது தப்பாகவே தெரியாது. வினைமுற்றுவின் சோதனையிலும் தேறிவிடும், வினையெல்லாம் வினையாகத்தானே இருக்கிறது.

பூதக்கண்ணாடி:
நல்ல உதாரணம், இது எங்கள் தொழில்வியாதி. ஆங்கிலத்தில் பெயர் முதலில் வந்துவிடும், விளக்கம் பின்னால் எவ்வளவு நீளமாகவும் தொங்கலாம். தமிழில் அந்த விளக்கம் முழுவதும் பெயருக்கு முன்னால் வந்து உட்கார்ந்துகொள்ளும். எதைப் பற்றிய பேச்சு என்றே தெரியாமல் வாசகர் எல்லாவற்றையும் சுமந்துகொண்டு வர வேண்டும். பெயரை முதலில் சொல்லிவிட்டு உடைத்தால் போதும்: "சூரிய மின்தகடுகளின் விலை சில ஆண்டுகளில் நன்றாகக் குறைந்துவிட்டது. எடையும் குறைந்ததால் வீட்டுக் கூரையிலேயே பொருத்தலாம். மழைக்காலத்திலும் அவை மின்சாரம் தருகின்றன."

ஆங்கிலத்தில் யோசித்துத் தமிழில் எழுதுகிறவர்களுக்கும் இதே வியாதிதான்.

முதலாண்டு:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். எங்கள் பேராசிரியர் அறிவியல் கட்டுரையில் 'செய்தோம்' என்று எழுதாமல் 'செய்யப்பட்டது' என்று 'படு' போட்டுத்தான் எழுத வேண்டும், அதுதான் நடுநிலை என்கிறார். நடை பற்றிய ஆங்கிலப் புத்தகங்களோ முடிந்தவரை செயப்பாட்டு வினை வேண்டாம் என்கின்றன, சில இடங்களில் வேண்டும் என்றும் சொல்கின்றன. எதைக் கேட்பது?

வினைமுற்று:
நல்ல கேள்வி தங்கச்சி. இதில் ஆங்கிலப் புத்தகத்தை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

வாசகருக்கு ஏற்கெனவே தெரிந்ததில் வாக்கியத்தைத் தொடங்கி, புதியதில் முடித்தால் பத்தி தடங்கலில்லாமல் ஓடும். ஆங்கிலத்தில் செயப்படுபொருள் தெரிந்த செய்தியாக இருந்தால், அதை முன்னால் கொண்டுவர வழக்கமான வழி செயப்பாட்டு வினை. அதனால்தான் அங்கே அதற்கு மரியாதை. நமக்கு அந்தக் கஷ்டம் இல்லை. இரண்டாம் வேற்றுமை உருபு ஒட்டிய பெயரை நேராகத் தூக்கி முன்னால் வைத்துவிடலாம்.

"கிருமி உடலுக்குள் நுழைகிறது. அது வெள்ளை அணுக்களால் சூழப்படுகிறது."

"கிருமி உடலுக்குள் நுழைகிறது. அதை வெள்ளை அணுக்கள் சூழ்ந்துகொள்கின்றன."

இரண்டிலும் வரிசை ஒன்றுதான், தெரிந்த கிருமி முன்னால், புதிய அணுக்கள் பின்னால். 'படு' இல்லாமலே வேலை நடந்துவிட்டது. செய்தவர் யார் என்பது தேவையே இல்லாத இடத்தில் 'படு' இருக்கட்டும். "இந்தக் கோட்டை 16ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்டது" என்பதில் என்ன குறை? கொத்தனாரையா தேடப் போகிறோம்? நடுநிலை என்பது தரவில் இருக்க வேண்டியது. 'சோதிக்கப்பட்டது' என்று எழுதினால் சோதனை நேர்மையாகிவிடாது. (எல்லாவற்றையும் 'ஆகும்' என்று முடிப்பதும் இதே ரகம். "நீர் ஒரு திரவமாகும்." ஆகட்டும்.)

ஆனால் மதிப்பெண் போடுவது பேராசிரியர். அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கரையோரன்:
முன்பின் வரிசை பற்றிச் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒன்று கேட்கிறேன். இந்த விதி தெரிந்தா நீங்கள் இத்தனை நாள் எழுதினீர்கள்? முதலில் கைக்கு வந்தது, பிறகுதான் பெயர் வைத்தீர்கள்.

வினைமுற்று:
கைக்கு வராதவருக்கு என்ன செய்வீர்கள், காத்திருக்கச் சொல்வீர்களா? எழுதும்போது இதையெல்லாம் நினைக்க வேண்டாம். திருத்தும்போது நினைத்தால் போதும்.

பழங்கணக்கு:
'கூறியது கூறல்' மூன்றாவது குற்றம். இருவருக்கும் பொருந்தும்.

முதலாண்டு:
என் பத்தியைப் போடுகிறேன், பள்ளி மாணவர்களுக்கான அறிவியல் மலருக்கு எழுதியது. முன்பு இப்படி இருந்தது: "தடுப்பூசி செலுத்தப்படுவதன் மூலம் நோயெதிர்ப்பு மண்டலத்தின் தூண்டல் நிகழ்கிறது. நினைவுச் செல்களின் உருவாக்கம் இதன் விளைவாகும்."

இப்போது:

"பல தடுப்பூசிகள் கிருமியின் ஒரு துண்டையோ, வலுவிழந்த கிருமியையோ உடலுக்குள் அனுப்புகின்றன. அதை நோயெதிர்ப்புச் செல்கள் அந்நியன் என்று கண்டுகொண்டு பெருகுகின்றன. பெருகிய செல்களில் சில, வேலை முடிந்த பிறகும் அழியாமல் தங்கிவிடுகின்றன. உண்மையான கிருமி வரும் நாளில் இவைதான் முதலில் விழித்துக்கொள்கின்றன."

வினைமுற்று:
பிரமாதம். ஒரே ஒரு திருத்தம். செல் தூங்குவதும் இல்லை, விழிப்பதும் இல்லை. என்ன செய்கின்றன என்று சொல்லுங்கள்: "முதலில் பெருகுகின்றன".

கரையோரன்:
அந்த ஒரு சொல்லில்தான் பத்திக்கு உயிரே இருக்கிறது. அதையும் பிடுங்கப் பார்க்கிறீர்களே!

பூதக்கண்ணாடி:
பள்ளிப் பிள்ளைகள் என்றால், விழித்தால் என்ன, பெருகினால் என்ன என்று கேட்பார்கள். பெருகினால் நோய் ஏன் வராது என்பதற்கு இன்னும் விடை இல்லை. வேகம்தானே விஷயம்? கிருமி பரவுவதற்கு முன்பே இவை தயாராகிவிடுகின்றன. அது எங்கே?

முதலாண்டு:
"உண்மையான கிருமி வரும் நாளில் இவைதான் முதலில் விழித்துக்கொள்கின்றன. கிருமி உடலெங்கும் பரவுவதற்குள் வேகமாகப் பெருகி, அதை மடக்கிவிடுகின்றன."

இரண்டையும் வைத்துக்கொண்டேன்.

வினைமுற்று:
'விழித்துக்கொள்கின்றன' இன்னும் உறுத்துகிறது. இரண்டாவது வாக்கியம் வந்தபின் அது எதற்கு?

கரையோரன்:
எடுத்துவிட்டு, மேலே இருக்கும் 'தங்கிவிடுகின்றன'விலிருந்து ஒருமுறை சத்தமாகப் படித்துப் பாருங்கள். படித்த பிறகு வந்து சொல்லுங்கள்.