ஞாயிறு வாங்கின கோழி புதன் வரை தாங்குமா? குழம்பு எத்தனை நாள்?

கறிவேப்பிலை:
எங்க வீட்ல சிங்கிள் டோர் ஃப்ரிட்ஜ். ஞாயிறு காலைல 2 கிலோ கோழி வாங்கறோம். பாதி அன்னிக்கே குழம்பு, மீதி புதன்கிழமைக்கு. பச்சைக் கறியைக் கழுவி வைக்கணுமா, கழுவாமலா? மிஞ்சின குழம்பைத் தினம் ஒரு கொதி விட்டா போதும்ங்கறாங்க மாமியார். சரியா?

மண்சட்டி:
கழுவாம வைங்க சகோ. குழாயைத் திறந்து கழுவினா தண்ணி தெறிச்சு சால்மோனெல்லா மாதிரி கிருமி பக்கத்துல இருக்கற கொத்தமல்லி, தட்டு வரைக்கும் போகும். மனசு கேக்கலைன்னா சமைக்கிற அன்னிக்குப் பாத்திரத்துல தண்ணி பிடிச்சு, அதுக்குள்ளயே மெதுவா அலசுங்க. அப்புறம் சிங்க்கை சோப்பு போட்டுத் தேய்ங்க.

கடைக் கவரோட உருண்டையா ஃப்ரீசர்ல போடாதீங்க, நடுப்பகுதி உறைய ரொம்ப நேரமாகும். அரை அரை கிலோவா பிரிச்சு, காத்தை வெளியேத்தி, ஒரு அங்குல கனத்துக்குத் தட்டையா அழுத்தி வைங்க. செவ்வாய் ராத்திரியே கீழ்த்தட்டுல ஒரு கிண்ணத்துக்குள்ள இறக்கிடுங்க. அவசரம்னா கசியாத கவரோட பச்சைத்தண்ணில முக்கி, அரை மணிக்கு ஒரு தடவை தண்ணி மாத்துங்க. அரை கிலோ சுமார் ஒரு மணி நேரத்துல இளகிடும், உடனே சமைச்சிடணும். மேடை மேல வெளியே வச்சு இளக்கவே கூடாது. உள்ளே கல்லா இருக்கும்போதே மேல்தோல்ல கிருமி பெருக ஆரம்பிச்சிடும்.

கம்ப்ரசர்:
ஃப்ரீசருக்குக் கீழே இருக்கற சில்லர் ட்ரேல பச்சைக் கறி 1, 2 நாள்தான். புதன் வரைக்கும்னா ஃப்ரீசர்தான். ட்ரே மேல இருக்கறதால சாறு சொட்டினா கீழே இருக்கற தயிர், பழம் எல்லாம் கெட்டது. மூடி போட்ட எவர்சில்வர் டப்பால வைங்க.

பலர் கவனிக்காதது டீஃப்ராஸ்ட் பட்டன். அதை அழுத்தினா பனியோட கறியும் இளகும். கறி தீர்ந்த அன்னிக்கு அழுத்துங்க. ஆனா பனி கால் அங்குலம் ஏற விடாதீங்க, குளிர் குறையும். ஃப்ரீசர்ல ஐஸ்கிரீம் கெட்டியா நிக்கலைன்னா கறியை வாரக்கணக்கா அதுல நம்பி வைக்காதீங்க.

அடுப்படி:
கொதிக்க வச்சா உயிரோட இருக்கற கிருமி சாகும், மாமியார் சொல்றதுல அவ்வளவு உண்மை இருக்கு. ஆனா பெர்ஃப்ரிஞ்சன்ஸ்னு ஒரு கிருமியோட வித்து கொதியையும் தாங்கும். பெரிய குண்டான்ல குழம்பு மெதுவா ஆறும்போது அதுலேருந்து முளைச்சுப் பெருகும். வாடையை வச்சுக் கண்டுபிடிக்க முடியாது.

அதனால அடுப்பை விட்டு இறக்கி 2 மணி நேரத்துக்குள்ள, 32 டிகிரிக்கு மேல வெயில்னா 1 மணி நேரத்துக்குள்ள, குழம்பு ஃப்ரிட்ஜுக்குள்ள போகணும். 2 அங்குல ஆழத்துக்கு அகலப் பாத்திரங்கள்ல பிரிச்சு, தண்ணித் தட்டுல வச்சா சீக்கிரம் ஆறும். உள்ளே 3, 4 நாள் இருக்கும். ஒரு வேளைக்கு வேண்டியதை மட்டும் எடுத்துத் தளதளன்னு கொதிக்க விடுங்க. பிரியாணில கூடுதல் கவனம் வேணும். வெளியே கிடந்த சோத்துல ஊறற ஒரு நஞ்சு சூடு பண்ணினாலும் போகாது.

கறிவேப்பிலை:
தயிர், மசாலா தடவி வச்சா கூட ரெண்டு நாள் வருமா?

மண்சட்டி:
வராது. புளிப்பு கிருமியைக் கொல்லாது, அதே 1, 2 நாள் கணக்குதான். ஊறின மசாலா மிஞ்சினா பொரிச்ச கறி மேல ஊத்தாதீங்க, கொதிக்கற குழம்புல சேர்த்து வேக விடுங்க.