வெளி ட்ரெய்னர்களுடன் ஒப்பந்தம் போட்டவர்கள் உதவ முடியுமா?

வணக்கம். கோவையில் எங்கள் கம்பெனிக்குத் தனியாகத் தொழில் செய்யும் ட்ரெய்னர்களை அழைக்கிறோம். இதுவரை தேதி, தொகை எல்லாம் மெயிலிலேயே பேசி முடித்தோம். இனி முறையான ஒப்பந்தம் வேண்டும். டிடிஎஸ், ஜிஎஸ்டி எல்லாம் ஆடிட்டர் பார்த்துக்கொள்வார். குழப்பம் ஸ்லைடுகளில்தான். 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, ஊழியர் அல்லாதவர் தயாரித்தது பொதுவாக அவருக்கே சொந்தம். எழுதி வாங்கினால்தான் நமக்கு. அதிலும் காலம் குறிப்பிடாவிட்டால் 5 வருடம்தான் செல்லும். அதற்காக, அவர் காலமெல்லாம் உழைத்துச் சேர்த்த பாடங்களை மொத்தமாக எழுதி வாங்குவது எனக்கு நியாயமாகப் படவில்லை. எங்களுக்கென்றே தயாரித்ததை மட்டும் எப்படிப் பிரித்து எழுதுவது? அப்புறம், முந்தின நாள் இரவு நாங்கள் வகுப்பை ரத்து செய்தால் அவருக்கு எவ்வளவு கொடுப்பது முறை? இந்த இரண்டு பிரிவுகளின் வாசகத்தை மட்டும் யாராவது பகிர்ந்தால் பெரிய உதவி.