கோச் கத்தினால் டெக்னிக்கல் ஃபவுல் எப்போது?

தல்லாகுளம் விசில்:
அடுத்த மாதம் மேலூர்ப் பக்கம் பள்ளிகளுக்கான பாஸ்கெட்பால் போட்டி. விசில் ரெண்டே பேர், டேபிளில் உட்காருவது மாணவர்கள். கோச் எல்லாரும் பி.இ.டி. மாஸ்டர்கள், வயதில் மூத்தவர்கள். "என்னய்யா விசில் இது"ன்னு ஒருத்தர் எழுந்து கையை விரித்தால் உடனே டெக்னிக்கலா (நடத்தைக்காகக் கொடுக்கும் ஃபவுல்), சொல்லிப் பார்க்கணுமா? எதுவரை பொறுக்கலாம்? அசிஸ்டன்ட் பேசினால் யார் கணக்கில் எழுதுவது? தண்டனையாக எதிரணிக்கு ஒரு ப்ரீ த்ரோவா (யாரும் தடுக்காமல் கூடைக்கு எறிவது) ரெண்டா என்பதிலேயே ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

மூணாவது கால்வட்டம்:
கடைசிக் கேள்வியை முதலில் முடிச்சிருவோம். ஒன்றுதான். ரெண்டு ப்ரீ த்ரோவும் நடுக்கோட்டில் பந்தும் 2010 ஃபிபா (உலக பாஸ்கெட்பால் கூட்டமைப்பு) புத்தகத்துச் சட்டம். அதைப் படித்தவர்கள் இன்னும் அப்படியே கொடுக்கிறார்கள், ஆட்டமே கெட்டுப்போகுது. இப்போது எதிரணியில் யாராவது ஒருவர் ஒரு ப்ரீ த்ரோ போடுவார், அதையும் உடனே போட வேண்டும். ரீபவுண்டுக்கு யாரும் வரிசையில் நிற்கக் கூடாது. பிறகு பந்து, விசில் அடித்தபோது யாரிடம் இருந்ததோ அல்லது யாருக்குச் சேர வேண்டியதோ அவர்களுக்கே, ஆட்டம் நின்றபோது பந்து இருந்த இடத்துக்குப் பக்கத்திலிருந்து.

உதாரணமாக, நீல அணி சிவப்பு அணியின் கூடை இருக்கும் பாதியில் பந்தைத் தட்டிக்கொண்டு (டிரிபிள்) போகிறது, ஷாட் கிளாக்கில் (கூடைக்கு எறிய மீதமிருக்கும் நேரம்) 9 விநாடி. சிவப்பு கோச்சுக்கு டெக்னிக்கல். நீலம் ஒரு ப்ரீ த்ரோ போட்டு, அதே பக்கம் பந்தை உள்ளே எறியும், கிளாக் 14 ஆகும். பேசியது நீல கோச் என்றால் ப்ரீ த்ரோ சிவப்புக்கு, பந்து நீலத்துக்கே, கிளாக் 9-லேயே நிற்கும். ரெண்டு பெஞ்சும் ஒரே நேரத்தில் வாங்கினால் தண்டனை ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும், ப்ரீ த்ரோ கிடையாது. ஸ்கோர் ஷீட்டில் மட்டும் ரெண்டையும் எழுதணும்.

வெள்ளை வேட்டி ரெஃப்ரி:
எதுவரை பொறுப்பது என்பதற்கு என் கணக்கு இது. சத்தத்தைப் பார்க்காதீங்க, யாரைப் பார்த்துப் பேசுகிறார் என்று பாருங்க. "கையைத் தூக்குடா, ஸ்க்ரீனைப் பாரு"ன்னு தொண்டை கிழியக் கத்துவது கோச்சிங், தொடவே கூடாது. பந்து டெட் ஆனதும் (ஆட்டம் நின்றதும்), "சார், அது பிளாக்கிங்கா சார்ஜிங்கா?"ன்னு மரியாதையாகக் கேட்டால் ஒரு வரியில் பதில் சொல்லுங்க. ஒவ்வொரு விசிலுக்கும் அதே கேள்வி வந்தால்தான் அது வேறு கதை. அங்கே எச்சரிக்கை: பந்து டெட், ஆட்டக் கிளாக் நின்ற நேரத்தில், தலைமை கோச்சிடம், சின்னக் குரலில். ஒருமுறை சொல்லிவிட்டால் அதே மாதிரியான நடத்தைக்கு ஆட்டம் முடியும்வரை அந்த அணி மொத்தத்துக்கும் அது செல்லும். ரெண்டாவது எச்சரிக்கை என்று ஒன்று இல்லை, மூணாவதும் இல்லை!

நீங்கள் கேட்ட கை விரிப்பு இங்கேதான் வரும். ஒருமுறை சலித்துக்கொண்டு விரித்தால் எச்சரிக்கை. அதையே பார்வையாளர் பக்கம் திரும்பி விரித்துக் காட்டினால் கூட்டத்தை ஏவுகிறார் என்று அர்த்தம், யோசிக்காமல் டெக்னிக்கல். பிளாஸ்டிக் நாற்காலியை உதைப்பது, தண்ணீர் பாட்டிலை எறிவது, "காசு வாங்கிட்டியா"ங்கிறது எல்லாமே எச்சரிக்கையைத் தாண்டியவை. சாதியை, வீட்டாரை இழுத்தாலோ ரெஃப்ரியைத் தள்ளினாலோ நேரே டிஸ்குவாலிஃபைதான்.

எதிரணி ஃபாஸ்ட் பிரேக்கில் (பந்தோடு கூடையை நோக்கி வேகமாக) ஓடும்போது விசில் அடித்துவிடாதீங்க. கூடை விழட்டும். இல்லாவிட்டால் பேசிய ஆளுக்கே லாபம். கூடை விழுந்த பிறகு அடித்தால் ப்ரீ த்ரோ போட்ட அணிக்குப் பந்து வராது. யாருக்கு எதிராகக் கூடை விழுந்ததோ அந்த அணிதான் எண்ட் லைனிலிருந்து (கூடைக்குப் பின்னால் உள்ள கோடு) எறியும். டேபிள் பையன்கள் இங்கேதான் குழம்புவார்கள், முன்னாடியே சொல்லி வைங்க.

சாக்பீஸ்:
ஷீட் விஷயம். தலைமை கோச் தானே பேசினால் 'சி', அசிஸ்டன்ட்டோ பெஞ்சில் இருக்கும் வேறு யாரோ பேசினால் 'பி', ரெண்டுமே தலைமை கோச் பெயருக்கு நேராக. பக்கத்தில் 1 என்று ப்ரீ த்ரோ எண்ணிக்கை. டீம் ஃபவுலில் (அணியின் மொத்த ஃபவுல் கணக்கு) சேர்க்கவே கூடாது. சேர்த்துவிட்டால் எதிரணிக்கு ஒரு ஃபவுல் முன்னாடியே போனஸ் (ஃபவுல் கணக்கு நிறைந்ததும் வரும் ப்ரீ த்ரோ) கிடைத்துவிடும். ரெண்டு சி, அல்லது மூணு பி, அல்லது ஒரு சி ரெண்டு பி வந்தால் கோச் வெளியே. வெளியே என்றால் டிரெஸ்ஸிங் ரூம், அல்லது மைதானத்தை விட்டே. நம் ஊர்த் திறந்தவெளி கோர்ட்டில் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கை காட்டுவார்கள், அதுவும் ஆகாது. முதல் அசிஸ்டன்ட் பொறுப்பேற்பார். அவர் இல்லையென்றால் கேப்டன்.

இன்னொன்று, சிமெண்ட் கோர்ட்டில் பெஞ்ச் எல்லையே பாதி இடத்தில் இருக்காது. கோடு இல்லாமல் "எல்லை தாண்டினீங்க"ன்னு விசில் அடித்தால் சண்டைதான். நடுக்கோட்டிலிருந்து 5 மீட்டர் அளந்து சைடு லைனுக்கு வெளியே 2 மீட்டர் கோடு போடுங்க, எண்ட் லைன் முனையில் இன்னொன்று. நடுவே 9 மீட்டர் அவர் இடம். தலைமை கோச், முதல் அசிஸ்டன்ட் ரெண்டு பேரில் ஒருவர்தான் ஒரு நேரத்தில் நிற்கலாம். அசிஸ்டன்ட் கோச், ரெஃப்ரியிடம் பேசவே கூடாது.

தல்லாகுளம் விசில்:
நன்றி அண்ணே. டெக்னிக்கல் கொடுத்த பிறகு அவர் விடாமல் என் பின்னாலேயே வந்தால்?

வெள்ளை வேட்டி ரெஃப்ரி:
கையால் 'டி' காட்டி, டேபிளில் சொல்லிவிட்டு அங்கிட்டு எதிர்ப்பக்கம் போயிருங்க. முறைத்துக்கொண்டு நிற்காதீங்க. உங்க கூட்டாளி ரெஃப்ரி போய் "மாஸ்டர், உட்காருங்க, ஆட்டத்தைப் பார்ப்போம்"னு சொல்லட்டும். அதற்கும் மேலே வந்தால் ரெண்டாவது சி. ஆட்டம் முடிந்து ஷீட்டில் கையெழுத்துப் போடுமுன் பேசினால் டெக்னிக்கல் கிடையாது, ஷீட்டின் பின்பக்கம் நடந்ததை எழுதி அமைப்பாளரிடம் கொடுக்கணும். அவர் சொன்ன வார்த்தையை அப்படியே எழுதுங்க. "தகாத வார்த்தை பேசினார்"னு எழுதினால் விசாரணையில் நிற்காது.