ஸ்டிக் டிரிஃப்ட்: ‘தன்னகர்வு’ எனலாமா?

வணக்கம். கேம் கருவியின் ஸ்டிக்கை (விரலால் எப்பக்கமும் சாய்க்கும் சிறு குமிழ்) தொடாமலே, அது சாய்ந்ததாகக் கருவி எடுத்துக்கொள்ளும் கோளாறுதான் ‘ஸ்டிக் டிரிஃப்ட்’. இதற்குத் தமிழ்ச்சொல்லாக வந்த ‘இழுப்பு’, ‘மையவிலகல்’, ‘தேய்நகர்வு’ ஆகிய மூன்று பரிந்துரைகளையும் பார்த்தேன். மூன்றிலும் எனக்குத் தயக்கம் உண்டு.

‘இழுப்பு’ மேல்நிலை இயற்பியலில் ‘இழுப்புத் திசைவேகம்’ என்று ஏற்கெனவே நிலைத்துவிட்டது. அங்கே மின்புலம் எலக்ட்ரானை இழுக்கிறது. இங்கே இழுக்கும் விசை எதுவுமில்லை. ‘மையவிலகல்’ என்றால் மாணவருக்கு மையவிலக்கு விசைதான் நினைவுக்கு வரும்.

‘தேய்நகர்வு’ நல்ல முயற்சி. நிண்டெண்டோ ஸ்விட்ச், ஸ்டீம் டெக் ஆகிய கையடக்கக் கேம் கருவிகள் இரண்டுக்கும் அது பொருந்தும். இவற்றின் ஸ்டிக்கில் கரிப்பூச்சுத் தடம்மேல் உலோக நாக்கு உரசிக்கொண்டே இருக்கும். தடம் தேய, கரித்தூள் சேர, நடுநிலை அளவு மாறிவிடும். 12 பிட் அளவீட்டில் (0 முதல் 4095 வரை) நடுவான 2048-ஐ ஒட்டி நிற்க வேண்டியது 2300-க்குப் போனால், விரல் படாமலே கேமில் வரும் பாத்திரம் நடக்கத் தொடங்கும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் விட்டுத் துடைத்தால் தூள் போகும். தேய்ந்த தடம் திரும்பாது.

ஆனால் லெனோவோ லீஜன் கோ (2023) போன்றவற்றில் இருப்பது ஹால் விளைவு ஸ்டிக், அதாவது காந்தப்புல மாற்றத்தை வைத்து நிலையை அளப்பது. காந்தமும் உணரியும் தொட்டுக்கொள்வதே இல்லை. அதிலும் நடுவுக்குக் கொண்டுவரும் சுருள்வில் தளர்ந்தாலோ அளவுத்திருத்தம் பிசகினாலோ இதே கோளாறு வரும். அங்கே ‘தேய்நகர்வு’ என்பது தவறான காரணத்தைச் சொல்லிவிடும்.

ஆகவே காரணத்தை விட்டு, கண்ணுக்குத் தெரிவதைப் பெயராக்குவோம்: தன் + நகர்வு = தன்னகர்வு, தன்னலம் போல. “தன்னகர்வு வந்தால் ஸ்விட்சில் ஜாய்-கானை (கழற்றக்கூடிய பக்கக் கைப்பிடி) மட்டும் மாற்றலாம், ஸ்விட்ச் லைட்டில் கருவியையே பிரிக்க வேண்டும்” என்று எழுதிப் பாருங்கள், தடங்கல் இல்லை. தினமும் பையில் போட்டு எடுத்துச் செல்பவர் எதை வாங்குவது என்று தீர்மானிக்க இந்த வேறுபாடு மிக முக்கியம்.

அடுத்து ‘டெட் ஜோன்’. ஸ்டிக்கின் சிறு அசைவைக் கருவி பொருட்படுத்தாத இடம். தன்னகர்வை மறைக்க இதைப் பெரிதாக்குவதுதான் வழக்கம். பெரிதாக்கினால் நுணுக்கமாகக் குறிபார்ப்பது கெடும். ‘உணரா வட்டம்’ என்று ஒருவர் சொன்னது அழகு. ஆயினும் இடவலம், மேல்கீழ் என இரண்டு அச்சுகளையும் தனித்தனியே கணக்கிடும் கேம்களில் அது வட்டமாக இராது, சிலுவை வடிவில் இருக்கும். ‘உணராப் பரப்பு’ என்றால் இரண்டுக்கும் பொருந்தும்.