பிளாச்சிமடை: கிணறு வற்றியது மழையாலா, கோக் ஆலையாலா?

கணவாய்க்காற்று:
பாலக்காடு மாவட்டம் பிளாச்சிமடையில் கோக் (கோகோ கோலா) குளிர்பான ஆலை 2000இல் வந்தது, 2004 மார்ச்சில் நின்றது. கேரள அரசின் உயர்மட்டக் குழு 2010இல் கணக்குப் போட்டு ஆலையால் ஊருக்கு 216.26 கோடி ரூபாய் நஷ்டம் என்றது, அதை வசூலிக்கத் தீர்ப்பாயம் வேண்டும் என்று சட்டசபை 2011இல் மசோதாவும் நிறைவேற்றியது, குடியரசுத் தலைவர் ஒப்புதல் தராததால் எல்லாம் அப்படியே நின்றுபோனது. போராட்டத்தில் முன்னால் நின்ற மயிலம்மா 2007லேயே போய்ச் சேர்ந்துவிட்டார். ஜனங்களுக்கு நஷ்டஈடு தராமல் இன்னும் எத்தனை வருடம் இழுத்தடிப்பார்கள்?

தோட்டக்காரன்:
அண்ணா, உங்கள் கோபம் புரிகிறது, ஆனால் கிணறு வற்றியதை மொத்தமாக ஆலை தலையில் கட்டுவதை ஏற்க மாட்டேன். எங்கள் தோட்டம் வேலந்தாவளம் பக்கம், எங்களுக்கு அருகில் எந்த ஆலையும் கிடையாது. 2003 கோடையில் கிணற்றுக்குள் ஆள் இறக்கி பக்கவாட்டில் துளை (சைடு போர்) போட்டோம், இரண்டு நாள் சகதி வந்தது, அப்புறம் அதுவும் நின்றது. தென்னையில் பாதி காய்ந்துவிட்டது. மழை இல்லை, அவ்வளவுதான். 2005இல் உயர் நீதிமன்ற அமர்வே நிபுணர் அறிக்கையைப் பார்த்துவிட்டு ஒரு நாளைக்கு 5 லட்சம் லிட்டர் எடுக்கலாம் என்றதே?

மீனாட்சிபுரத்து மலர்:
தம்பி, மழை இல்லாத வருடத்தில் 5 லட்சம் லிட்டர் என்றால் என்ன என்று நினைத்துப் பாருங்கள். நீங்கள் தென்னைக்குப் பாய்ச்சினால் அதில் கொஞ்சமாவது திரும்ப மண்ணுக்குள் இறங்கும், பாட்டிலில் அடைத்த தண்ணீர் லாரி ஏறி ஊரை விட்டே போய்விடும். சரி, அளவை விடுங்கள், தரத்துக்கு என்ன சொல்கிறீர்கள்? வற்றாத கிணற்றிலும் தண்ணீர் கடுத்துப்போய், பருப்பு வேகவில்லை, குளித்தால் உடம்பு அரிக்கிறது என்றுதானே எரவாளர் பழங்குடிப் பெண்கள் குடத்தோடு ஆலை வாசலில் உட்கார்ந்தார்கள். ஆலைக் கழிவை உரம் என்று விவசாயிகளுக்குக் கொடுத்தார்கள், 2003இல் பிபிசி அதைச் சோதிக்கக் கொடுத்தபோது ஈயம், காட்மியம் என்ற நச்சு உலோகங்கள் இருந்தன. காட்மியத்தை எந்த மழை கொண்டுவந்தது?

தோட்டக்காரன்:
கழிவு விஷயத்தில் எனக்கு மறுபேச்சு இல்லை அக்கா, அதற்கு நஷ்டஈடு கொடுத்தே ஆக வேண்டும். ஆனால் வேலைக்குப் போன நம் ஆட்களை யாரும் பேசுவதில்லை. கேட் மூடிய அன்று அவர்கள் வீட்டு அடுப்பும்தான் அணைந்தது.

கணவாய்க்காற்று:
அதுவும் நஷ்டம்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அந்த 216 கோடி வெறும் தண்ணீருக்கு மட்டும் போட்ட கணக்கு இல்லை தம்பி. விளைச்சல், ஆடுமாடு, உடல்நலம், வயலில் கூலி வேலை போனது எல்லாம் அதில் இருக்கிறது. மழை பெய்யாத பங்கைக் கழித்துக்கொள்ளட்டும், மீதியையாவது கொடுக்கச் சொல்லுங்கள்.

மீனாட்சிபுரத்து மலர்:
எதைக் கழிப்பது, எதைக் கொடுப்பது என்று விசாரிக்கத்தானே அண்ணா தீர்ப்பாயமே கேட்டார்கள். அதைத்தான் அமைக்க விடவில்லை.