போர்ட்ஸ்மவுத்: சவுத்சீயில் இரண்டு இரவா, லண்டனிலிருந்து ஒரே நாளா?

வாசு (லண்டன்)
மே மாதக் கடைசியில் சென்னையிலிருந்து அப்பாவும் அம்மாவும் வருகிறார்கள். அப்பா சென்னைத் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இங்கே எதைப் பார்க்க ஆசை என்று கேட்டதும், யோசிக்காமல், கப்பற்படைத் துறைமுக நகரமான போர்ட்ஸ்மவுத் என்றார். அம்மாவுக்கு முழங்கால் வலி, சுத்த சைவம். அந்த ஊரின் கடற்கரைப் பகுதியான சவுத்சீ பக்கம் ஒரு பி அண்ட் பி-யில் (காலை உணவோடு அறை தரும் வீட்டில்) இரண்டு இரவு தங்கலாமா, அல்லது லண்டன் வாட்டர்லூ நிலையத்தில் காலை ரயில் ஏறி இரவே வீடு திரும்பிவிடலாமா? போய்ப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை
ஒரே நாள் போதும். ரயில் பயணம் இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். போர்ட்ஸ்மவுத் ஹார்பர் ரயில் நிலையமே தண்ணீருக்கு மேல்தான் நிற்கிறது. வெளியே வந்து சில நிமிடம் நடந்தால் பழைய கப்பற்படைத் தளத்தின் வாசல். விக்டரி, மேரி ரோஸ், வாரியர் என்ற மூன்று பழைய போர்க்கப்பல்களும் அந்த ஒரே மதிலுக்குள் இருக்கின்றன. பிறகு எதற்கு இரண்டு இரவுக்கு அறை வாடகை? கடற்கரைக்காக என்றால், சவுத்சீயில் பெரும்பாலும் கூழாங்கல்தான். மெரினாவில் காலாற நடந்தவர்களை அங்கே கூட்டிப் போய் என்ன காட்டப் போகிறீர்கள்?

தென்கடல்
நான் இந்த ஊரில்தான் வசிக்கிறேன். ஒரே நாளில் வந்து போகிறவர்களை ரயில் நிலையத்தில் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். கால் வலிக்க, மூன்று கப்பலையும் ஒன்றோடொன்று குழப்பிக்கொண்டு மாலை ரயிலுக்கு ஓடுகிறார்கள்.

மேரி ரோஸ் ஒன்றுக்கே அரை நாள் வேண்டும். 1545 ஜூலை 19 அன்று பிரெஞ்சுக் கப்பற்படையோடு மோதும்போது கரைக்கு அருகிலேயே மூழ்கிய கப்பல் அது. சவுத்சீ கோட்டையிலிருந்து மன்னர் எட்டாம் ஹென்றி பார்த்துக்கொண்டிருந்தார். கப்பலில் இருந்த ஏறக்குறைய 500 பேரில் 35 பேர்கூடப் பிழைக்கவில்லை. கடலடிச் சேற்றில் புதைந்த வலப்பக்கம் மட்டும் அழுகாமல் தப்பியது; 1982 அக்டோபரில் அதைத் தூக்கினார்கள். இப்போது நடைபாதையில் போகும்போது ஒரு பக்கம் கப்பலின் அந்தப் பாதி, எதிர்ப்பக்கம் அதே தளத்தில் கிடைத்த பொருட்கள். சாப்பிட்ட மரக்கிண்ணத்தில் ஒருவர் தன் அடையாளத்தைக் கத்தியால் கீறி வைத்திருக்கிறார். பேன் சீப்புகள் இருக்கின்றன. தச்சரின் அறைக்கு அருகே கிடைத்த நாயின் எலும்புக்கூடு இருக்கிறது. இதையெல்லாம் மணி பார்த்துக்கொண்டு பார்க்க முடியுமா?

மாலையை விட்டுவிட்டீர்களே. மே கடைசியில் இரவு ஒன்பது மணி வரை வெளிச்சம் இருக்கும். பழைய போர்ட்ஸ்மவுத்தில் வட்டக் கோபுரத்தின் மேல் நின்றால், துறைமுகத்தின் குறுகிய வாய் வழியாகப் பிரான்சுக்குப் போகும் பெரிய கப்பல் கை எட்டும் தூரத்தில் போவதுபோல் இருக்கும். அதற்குக் கட்டணமும் இல்லை. கப்பல் வரத்துப் போக்கைத் துறைமுகப் பொறுப்பாளர் அலுவலகம் அன்றாடம் இணையத்தில் வெளியிடுகிறது. துறைமுகத்தில் வேலை பார்த்த மனிதருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

மலர்விழி
தங்குவது சரி. ஆனால் பி அண்ட் பி வேண்டாம் என்பேன். நாங்கள் தங்கியது விக்டோரியா காலத்து நெட்டை வீடு. லிஃப்ட் கிடையாது. எங்களுக்கு ஒதுக்கியது கூரைக்குக் கீழே மாடத்து அறை. படிக்கட்டு போகப் போக ஒடுங்கி, கடைசி வளைவில் பெட்டியைத் தலைக்கு மேல் தூக்கித்தான் திரும்ப வேண்டியிருந்தது. என் மாமியார் மேலே ஏறியதும் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். அன்று இரவு உணவுக்குக் கீழே இறங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

விடிந்ததும் பன்றி இறைச்சி வறுபடும் வாசனை மேல் மாடி வரை வந்துவிடுகிறது. பழகியவர்களுக்கு ஒன்றுமில்லை, சுத்த சைவக்காரருக்கு அது பெரிய வேதனை. கொடுத்த காளானும் தக்காளியும் அதே சட்டியில் பொரித்தவை. அதைக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு மாமியார் காய்ந்த ரொட்டியும் மார்மலேடும் மட்டும்தான் சாப்பிட்டார். பத்து மணிக்கு அறையைக் காலி செய்ய வேண்டும் என்பது வேறு. லிஃப்ட் உள்ள ஹோட்டலோ, சமையலறையோடு கூடிய வாடகைக் குடியிருப்போ பாருங்கள் வாசு. ஒரு குக்கரும் கொஞ்சம் அரிசி பருப்பும் கையில் இருந்தால் அம்மா நிம்மதியாக இருப்பார்.

தென்கடல்
மலர்விழி அக்கா, அது பி அண்ட் பி-யின் குற்றம் அல்ல, இணையதளத்தில் படத்தைப் பார்த்து அறை எடுப்பதால் வருவது. இந்த வீடுகளை நடத்துகிறவர்களே அங்கே குடியிருக்கிறார்கள். தொலைபேசியில் நேராகக் கூப்பிட்டு, தரைத்தளத்தில் அறை உண்டா, தனிச் சட்டியில் சமைத்துத் தருவீர்களா என்று கேட்டால் உண்டு, இல்லை என்று வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொல்லிவிடுவார்கள். இல்லை என்றால் அடுத்த வீடு. காரில் போவதாக இருந்தால் வண்டி நிறுத்த அனுமதிச்சீட்டு தருவார்களா என்பதையும் கேட்க வேண்டும். சவுத்சீயின் பல தெருக்களில் குடியிருப்பவர்களுக்கு மட்டுமே இடம்.

காலை உணவு மேசையில் கிடைக்கும் தகவல் எந்த ஹோட்டலிலும் கிடைக்காது. இன்று காற்று பலமாக இருக்கிறது, ஹோவர்கிராஃப்ட் ஓடாமல் போகலாம், முதலில் கப்பல்களைப் பாருங்கள் என்று வீட்டுக்காரம்மா சொல்வார். அதற்கு விலை இல்லை. காற்று மெத்தையில் கடல் மேல் ஓடும் அந்த ஹோவர்கிராஃப்டில் பத்து நிமிடத்தில், எதிரே உள்ள வைட் தீவின் ரைட் ஊருக்குப் போய்விடலாம். உங்கள் அப்பாவை அதில் ஏற்றாமல் அனுப்பாதீர்கள்.

கணக்குப்பிள்ளை
தகவலுக்கு விலை இல்லையாம், அறைக்கு இருக்கிறதே! மூன்று பேருக்கு இரண்டு அறை, இரண்டு இரவு. கணக்குப் போட்டுப் பாருங்கள். இன்னொன்றையும் யாரும் சொல்லவில்லை: விக்டரியில் 2022-இல் தொடங்கிய பெரிய பழுதுபார்ப்பு வேலை பல ஆண்டுகள் நடக்கும். சாரம் கட்டி மூடியிருக்கிறார்கள். உள்ளே விடுகிறார்கள் என்றாலும், பாய்மரத்தோடு கம்பீரமாக நிற்கும் கப்பலை எதிர்பார்த்து வந்தால் ஏமாற்றம்தான்.

பழைய மாலுமி
வாசு தம்பி, சாரத்தைப் பார்த்துத் தயங்காதீர்கள். துறைமுகத்துக்காரர் பார்க்க வேண்டியதே அந்தச் சாரத்தைத்தான். 1765-இல் தண்ணீரில் இறக்கிய கப்பல். 1922 முதல் உலர்துறையில் (தண்ணீரை வடித்துவிட்டுக் கப்பலை நிறுத்தும் துறையில்) நிற்கிறது. உளுத்துப் போன பலகைகளைக் கழற்றிவிட்டுப் புதிய மரம் பொருத்துகிறார்கள். கப்பலின் விலா எலும்பைக் காணும் வாய்ப்பு எல்லா நாளும் கிடைக்காது. நான் சரக்குக் கப்பலில் வேலை பார்த்தவன். ஆழ்தளத்தில், டிரஃபால்கர் போரில் கடற்படைத் தளபதி நெல்சன் உயிர் விட்ட இடத்தில் குனிந்து நிற்கும்போது, அந்த உயரத்தில் மனிதர்கள் மாதக்கணக்கில் எப்படி வாழ்ந்தார்கள் என்று நெஞ்சு அடைத்தது.

பழைய போர்ட்ஸ்மவுத்தில் ராயல் கேரிசன் தேவாலயத்தை யாரும் குறிப்பிடவில்லை. 1941-இல் குண்டு விழுந்ததில் கூரை போன முன்பகுதி இன்றும் வானம் பார்த்து நிற்கிறது. இந்த வளாகத்தில்தான் 1662-இல் மன்னர் இரண்டாம் சார்லஸுக்கும் போர்ச்சுகல் இளவரசி கேத்தரினுக்கும் திருமணம் நடந்தது. அந்தச் சம்பந்தத்தில் சீதனமாக ஆங்கிலேயர் கைக்கு வந்ததுதான் பம்பாய். அதே பம்பாயில் தேக்கு மரத்தில் கட்டி, திருகோணமலையின் பெயரைச் சூட்டி 1817-இல் கடலில் இறக்கிய டிரின்கோமலி என்ற போர்க்கப்பல், 1980-களின் நடுப்பகுதி வரை இந்தத் துறைமுகத்தில் பயிற்சிக் கப்பலாக நின்றிருந்தது. இப்போது வடகிழக்கு இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் இருக்கிறது. நம்மவர்கள் இந்த ஊரை வெறும் ஆங்கிலேயர் பெருமையாகப் பார்த்துவிட்டுப் போவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

மலர்விழி
ஐயா சொன்னதை ஏற்கிறேன். ஆனால் எல்லோரும் அப்பாவைப் பற்றியே பேசுகிறீர்கள். அம்மா என்ன செய்வார்? விக்டரியில் ஏணிபோல் செங்குத்தான படிகள். முழங்கால் வலி உள்ளவர் தளம் தளமாக இறங்க முடியாது. மேரி ரோஸ் அருங்காட்சியகத்தில் லிஃப்ட் உண்டு, அங்கே இருவரும் சேர்ந்து போகலாம். விக்டரியில் அப்பா ஏறும்போது அம்மாவை வாசலில் உட்கார வைத்துவிடாதீர்கள். சவுத்சீ கடற்கரையில் டி-டே அருங்காட்சியகம் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் நேச நாட்டுப் படைகள் பிரான்சின் நார்மண்டிக் கரையில் இறங்கிய படையெடுப்பை 34 துணிகளில், மொத்தம் 83 மீட்டர் நீளத்துக்குத் தைத்துக் காட்டும் ஓவர்லார்ட் பூத்தையல் அங்கே இருக்கிறது. ஒரு ராணுவ வீரரின் சட்டை மடிப்பை நிஜக் காக்கித் துணியை வெட்டி ஒட்டித் தைத்திருக்கும் நேர்த்தியை என் மாமியார் கண்ணாடியில் மூக்குப் படும்படி குனிந்து பார்த்தார். ஊசி பிடித்த கைக்குத்தான் அந்த உழைப்பு தெரியும்.

கணக்குப்பிள்ளை
டி-டேயும் சேர்த்தால் ஒரு நாளில் முடியாது, அதை ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் ஒரு இரவு. இரண்டாவது இரவுக்கு இதுவரை யாரும் காரணம் சொல்லவில்லை.

தென்கடல்
மழை! முதல் நாள் மழை பிடித்துக்கொண்டால், கோபுரமும் கடற்கரையும் ஹோவர்கிராஃப்டும் மறுநாளுக்குத்தான். இது வைட் தீவுக்கும் நமக்கும் நடுவே ஓடும் சோலன்ட் கடற்காலின் கரை, இங்கே யாரும் வானத்தை நம்பித் திட்டம் போடுவதில்லை.

வாசு (லண்டன்)
எல்லோருக்கும் நன்றி. இன்று இரண்டு வீடுகளுக்குத் தொலைபேசியில் பேசினேன். ஒன்றில் தரைத்தள அறை இல்லை. மற்றொன்றில் அம்மா அப்பாவுக்குத் தரைத்தளம், எனக்கு இரண்டாம் மாடி. சைவத்துக்குத் தனிச் சட்டி வைத்திருப்பதாகவும், முந்தைய நாள் மாலையே சொன்னால் போதும் என்றும் அந்த அம்மா சொன்னார். மே கடைசித் திங்கள் விடுமுறையாமே? அந்த வாரம் தவிர்க்க வேண்டுமா?

தென்கடல்
கட்டாயம் தவிருங்கள். அந்த வாரம் பள்ளிகளுக்கும் விடுமுறை. வாடகை ஏறும், மேரி ரோஸில் கூட்டம் நெரியும். ஜூன் முதல் வாரம் கடந்து, செவ்வாய், புதன் இரவுகளாகக் கேளுங்கள்.

கணக்குப்பிள்ளை
செவ்வாய் மட்டும் போதும். மழை பெய்தால் அன்று காலையில் அந்த வீட்டுக்காரம்மாவிடமே இன்னொரு இரவு கேட்டுக்கொள்ளலாம். நடுவாரத்தில் அறை கிடைக்க வாய்ப்பு அதிகம்.

மலர்விழி
குக்கரை எதற்கும் எடுத்து வையுங்கள்.