பழைய டெல் 9020க்குப் பவர் சப்ளை எங்கே எடுக்கலாம்?

கொட்டாஞ்சேனை:
அக்கா வீட்டில் டியூஷன் நடத்துகிறா. வினாத்தாள் எல்லாம் அடிப்பது ஒரு டெல் ஆப்டிபிளெக்ஸ் 9020 கம்ப்யூட்டரில், சின்னப் பெட்டி. போன கிழமை கரண்ட் போய் வந்ததிலிருந்து பட்டனை அமத்தினால் ஒரு சத்தமும் இல்லை. கழற்றிப் பார்த்தால் சப்ளையில் 255 வாட்ஸ் என்று இருக்கிறது. புறக்கோட்டையில் ஒரு கடையில் புது 450 வாட்ஸ் ஒன்றைக் காட்டி இது போதும் என்றார்கள், ஆனால் அதன் பெரிய வயரின் பிளக்கில் 24 பின் (ஊசி), எங்கள் மதர்போர்டில் 8 பின்தான். தவணைச் சோதனை வேறு வருகிறது. என்ன செய்யலாம்?

வெள்ளவத்தை:
அதை வாங்காமல் வந்தது நல்லது தம்பி. அந்த போர்டுக்கு 12 வோல்ட் மட்டும்தான் போகிறது, ஹார்ட் டிஸ்க்குக்குத் தேவையான 5 வோல்ட்டை போர்டே செய்து கொடுக்கிறது, அதனால்தான் டிஸ்க் வயரும் சப்ளையிலிருந்து வராமல் போர்டிலிருந்து வருகிறது. 24ஐ 8 ஆக்குகிற அடாப்டர் வயர் இருக்கிறதுதான், ஆனால் சாதாரண ஏடிஎக்ஸ் சப்ளை (கடைகளில் கிடைக்கிற பொதுவான வகை) அந்தப் பெட்டிக்குள் அடங்காது.

முதலில் சப்ளைதான் போனதா என்று பாருங்கள். போர்டில் குத்தியிருக்கிற அதன் வயர்களை எல்லாம் கழற்றிவிட்டு, பிளக்கைப் போட்டு, சப்ளையின் பின்பக்கம் இருக்கிற சின்ன பட்டனை அமத்துங்கள். பக்கத்தில் பச்சை லைட் எரிந்தால் சப்ளை நல்லது, பிழை வேறு இடத்தில். எரியாவிட்டாலும் சப்ளையைத் திறக்க வேண்டாம், உள்ளே இருக்கிற பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கி நிற்கலாம்.

தெஹிவளை:
வாட்ஸை மட்டும் பார்த்து வாங்கக்கூடாது. இதே 9020இன் டவர் மொடலுக்கு 290 வாட்ஸ் வருகிறது, அதுவும் 8 பின்தான், ஆனால் உங்கள் பெட்டிக்குள் போகாது. சப்ளையின் லேபிளில் டிபி/என் (DP/N, டெல்லின் பாக நம்பர்) என்று போட்டு ஐந்து எழுத்தில் ஒரு நம்பர் இருக்கும், அதைக் காட்டிக் கேளுங்கள். பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் விசாரியுங்கள், அலுவலகங்களில் கழித்த மெஷின்களை உடைத்து விற்கிறவர்களிடம் பாவித்தது கிடைக்கலாம். கடையிலேயே பிளக் போட்டு அந்தப் பச்சை லைட்டைப் பார்த்துவிட்டுத்தான் காசு கொடுக்க வேண்டும்.

இன்னொன்று, இதை வாசிக்கிற மற்றவர்களுக்கு: 1990களின் கடைசியில் வந்த சில டெல் மெஷின்களில் போர்டில் குத்துகிற பிளக் அப்படியே ஏடிஎக்ஸ் மாதிரி இருக்கும், வயர் வரிசை வேறு. சாதாரண சப்ளையைக் குத்தினால் போர்டே எரிந்து போகலாம். அப்புறம், பின்னால் சிவப்பு சுவிட்ச் இருக்கிற பழைய சப்ளை என்றால் அது 230 வோல்ட்டில் நிற்கிறதா என்று பார்த்துவிட்டு பிளக் போடுங்கள்.

கொட்டாஞ்சேனை:
அமத்திப் பார்த்தேன் அண்ணை, லைட் எரியவே இல்லை. நம்பரை எழுதி வைத்திருக்கிறேன், சனிக்கிழமை பழைய சப்ளையையும் கொண்டு பம்பலப்பிட்டிக்குப் போகிறேன். ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி யூஎஸ்பி பெட்டியில் போட்டு லப்டொப்பில் பார்த்தேன், வினாத்தாள் எல்லாம் பத்திரமாக இருக்கிறது. அக்காவுக்கு இப்போதுதான் மூச்சு வந்தது.